‘ட்ரோமா’வுக்குக் காயமா, வடுவா?

மாங்குளத்தான்:
கிராமத் தொண்டர்களுக்கு ஒரு கைநூல் தமிழாக்குறம். ‘ட்ரோமா’ எண்ட சொல் ஒரு அதிகாரத்தில விபத்துக் காயத்துக்கும் அடுத்ததில மனப் பாதிப்புக்கும் வருது. இரண்டுக்கும் ‘காயம்’ எண்டு போட்டால் சரிவருமோ? சொல்லின்ர மூலமும் தெரிஞ்சால் நல்லது.

பாலைநிழல்:
கிரேக்கத்தில் ‘ட்ரௌமா’ என்றால் புண், அவ்வளவுதான். மனதுக்கு ஏறியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ரயில் விபத்தில் எலும்பு முறியாமல் தப்பியவர்களுக்கும் நடுக்கமும் நித்திரையின்மையும் வந்தன. முதுகுத்தண்டு அதிர்ந்ததே காரணம் என்று லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் எரிக்சன் 1866இல் எழுதினார். பெர்லினில் ஓப்பன்ஹைம் 1889இல் இதை ‘ட்ரௌமா நரம்புநோய்’ என்றார். சம்பவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு அமெரிக்க மனநலக் கையேட்டில் PTSD என்ற தனி நோயாகப் பதிவானது 1980இல்தான்.
எங்கட ‘காயம்’ வேறு வழி. அடித்தலைக் குறிக்கும் வடமொழிச் சொல் பிராகிருதத்தில் தேய்ந்து வந்தது. உடம்பு என்ற காயத்தோடும் சரி, பெருங்காயத்தோடும் சரி, உறவில்லை.

கனகராயன்:
ஒரே சொல் போடாதேங்கோ. வன்னியில ‘காயப்பட்டவர்’ எண்டால் செல்லோ வெடியோ பட்டவர்தான். ‘உள்காயம்’ இன்னும் மோசம், வயிற்றுக்குள்ள இரத்தம் போகுது எண்டு நினைப்பினம். ‘அதிர்ச்சி’யும் கவனம்: முதலுதவி அதிகாரத்தில அது இரத்தம் இழந்து நாடி விழுறதைக் குறிக்கும். அங்க காலை உயர்த்திப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பினம், மனம் கலங்கினவருக்கும் அதையே செய்யப் போகினம்.
உடலுக்குக் ‘காயம்’, மனதுக்கு ‘மனவடு’. பிந்தியது இங்க உளவளத்துணையாளர் மத்தியில பழகின சொல்.

பாலைநிழல்:
ஒரு திருத்தம். வடு என்பது புண் ஆறியபின் நிற்கும் தழும்பு. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்ற 129ஆம் குறளில் புண் ஆறும், வடு ஆறாது. சம்பவம் நடந்த முதல் கிழமைக்கு அது பொருந்தாது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் PTSD என்று சொல்வார்கள். அதற்கு முன் ‘மனத்தாக்கம்’ போதும்.

கனகராயன்:
ஓம், அது சரி. ஆனால் ரெண்டு சொல்லும் தலைப்போட நிக்கட்டும். ‘உங்களுக்கு மனவடு இருக்கோ?’ எண்டு தொண்டர் கேட்டால் ‘இல்லை’ எண்டுதான் பதில் வரும். ‘நித்திரை வருதோ, சத்தம் கேட்டால் திடுக்கிடுதோ, அந்த இடத்தால போக மனம் வருதோ, யோசனை கூடவோ’ எண்டு கேக்கச் சொல்லி எழுதுங்கோ. இங்க ‘யோசனை’ எண்டால் கவலை. தமிழ்நாட்டு அச்சகத்தில குடுத்தால் அதைச் ‘சிந்தனை’ எண்டு மாத்தாமல் பாருங்கோ.