உதவி: கிங் ஸ்னேக் முட்டையிடும் டப்பாவில் தங்க மாட்டேன் என்கிறது (கிருஷ்ணகிரி)

பேட்டைத்தம்பி | மே 6, இரவு 9.40

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். என்னிடம் நான்கு வயதுப் பெண் கலிபோர்னியா கிங் ஸ்னேக் ஒன்று இருக்கிறது. மூன்றரை அடி, கறுப்பில் வெள்ளைப் பட்டை. மார்ச் இரண்டாம் வாரம் ஓசூர் நண்பரின் ஆண் பாம்போடு விட்டோம். இணைந்ததைக் கண்ணால் பார்த்தேன். இப்போது வயிற்றின் பின்பாதி நன்றாகப் பருத்திருக்கிறது. மூன்று வாரமாக எலியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 28 அன்று சட்டை உரித்தது.

மறுநாளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈர ஆற்று மணலை நிரப்பி, மூடி போடாமல் வைத்தேன். முட்டைக்குச் சூடு வேண்டுமே என்று ஹீட் மேட்டுக்கு (கரண்டில் சூடாகும் விரிப்பு) மேலேயே வைத்திருக்கிறேன். உள்ளே போகிறது, மணலை மூக்கால் இரண்டு தடவை கிளறுகிறது, வெளியே வந்துவிடுகிறது. ராத்திரி முழுக்கக் கண்ணாடியை ஒட்டியே ஓயாத அலைச்சல். விடிந்து பார்த்தால் தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு கிடக்கிறது. இன்றைக்கு மூக்கு நுனி சிராய்த்திருக்கிறது. டப்பாவை மாற்றுவதா, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதா? எனக்கு இது முதல் தடவை.

தென்பெண்ணை | மே 6, இரவு 9.58

ராஜநாகத்தையா வீட்டில் வைத்திருக்கிறீர்கள்? வனத்துறைக்குத் தெரியுமா?

ஓசூர்குளிர் | மே 6, இரவு 10.20

தென்பெண்ணை, பயப்படாதீர்கள். ராஜநாகம் என்பது கிங் கோப்ரா, அது வேறு. இது வட அமெரிக்கப் பாம்பு, விஷம் கிடையாது. இரண்டுமே மற்ற பாம்புகளைத் தின்னும், அதனால் இரண்டுக்கும் 'கிங்' ஒட்டிக்கொண்டது. நம்மூர்ச் சாரையோ நாகமோ என்றால் 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

தம்பி விஷயத்துக்கு வருவோம். ராஜநாகம் சருகைக் கூட்டித் தானே கூடு கட்டிக்கொள்ளும். கிங் ஸ்னேக்குக்கு அந்தக் கைவேலை தெரியாது. காட்டில் எலி வளை, மக்கிய கட்டைக்கு அடி என்று ஆயத்தமாகக் கிடைக்கும் பொந்தைத் தேடிப் போகும். உன் கூண்டில் பொந்தே இல்லை, திறந்த மணல் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. அது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போவதும் அதனால்தான். ஈரமும் குளிர்ச்சியும் அங்கேதான் கிடைக்கிறது. அங்கேயே முட்டையிட்டால் முட்டை மூழ்கிச் செத்துப்போகும். கிண்ணத்தை இப்போதே எடுத்துவிட்டு, அது உடம்பை நுழைக்க முடியாத சின்னக் கிண்ணம் வை.

ஒரு கேள்வி. மதியம் 3 மணிக்கு அந்த மணலுக்குள் எத்தனை டிகிரி?

பேட்டைத்தம்பி | மே 7, மதியம் 3.15

அண்ணா, இப்போதுதான் வைத்துப் பார்த்தேன். 36. மாடி அறை, மேலே சிமெண்ட் ஷீட். கூண்டின் குளிர்ந்த பக்கமே 32 காட்டுகிறது.

ஓசூர்குளிர் | மே 7, மதியம் 3.40

பிடிபட்டது. அது இடம் பிடிக்காமல் அலையவில்லை, வெந்துபோய் அலைகிறது. ஹீட் மேட்டை உடனே கழற்று. நான் ஓசூரில் மே மாதமும் ராத்திரி போர்வை தேடுகிறவன், எனக்கு மேட் வேண்டும். கிருஷ்ணகிரியில் ஷீட்டுக்கு அடியில் உனக்கு எதற்கு? கூண்டைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரையோடு தரையாக வை. முட்டையிடும் இடம் 26 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும்.

மொரப்பூர்கோழி | மே 7, மாலை 5.05

என்னிடம் 60 முட்டை பிடிக்கும் நாட்டுக்கோழி இன்குபேட்டர் சும்மாதான் கிடக்கிறது. முட்டை விட்டதும் சொல்லுங்கள், அதில் வைத்துவிடலாம்.

கால்நடைமாணவி | மே 7, மாலை 5.30

வேண்டவே வேண்டாம் அண்ணா. கோழி முட்டைக்கு 37.5 டிகிரி. அந்தச் சூட்டில் பாம்பு முட்டைக் கரு செத்துவிடும். இன்னொன்று, உங்கள் மிஷின் முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கோழிக் கருவுக்கு அது தேவை. பாம்புக் கரு ஓரிரு நாளில் ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் புரட்டினால் போச்சு.

பென்னாகரம்பட்டு | மே 7, இரவு 8.10

தம்பி, நான் பாம்பு வளர்க்கிறவன் இல்லை, பட்டுப்புழு வளர்க்கிறவன். ஆனால் சூடும் ஈரமும்தான் எங்கள் பிழைப்பு. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி, வளர்ந்த புழுவுக்கு 24, 25. சூடு கூடிப்போனால் புழு இலையைச் சரியாகத் தின்னாது. உன் பாம்பு அலைகிறது என்று படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

பிளாஸ்டிக்கை விடு. சின்ன மண்பானையைப் படுக்கப் போட்டு உள்ளே ஈரமாக ஏதாவது அடை. மண் கசிந்து கசிந்து தானே குளிர்ந்துகொள்ளும். பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று தொங்கவிடு.

ஓசூர்குளிர் | மே 7, இரவு 8.35

பட்டுக்கார அண்ணா சொன்ன மண் யோசனை அருமை. ஆனால் பானைக்குள் இட்டுவிட்டால் அந்த வாய் வழியாக முட்டையைப் புரட்டாமல் எப்படி எடுப்பாய்? உடைக்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் மண் பூந்தொட்டி வாங்கு, பத்து அங்குல வாய், கூடவே அடித்தட்டு. தட்டை வைத்து, ஈரப் பொருளைக் குவித்து, தொட்டியை அதன்மேல் கவிழ்த்துவிடு. தண்ணீர் வடியும் ஓட்டை மேலே வரும், காற்றுக்கு ஆயிற்று. விளிம்பில் ஒரு வாசல் வெட்டு. வயிற்றின் பருத்த இடம் உரசாமல் நுழையும் அளவு போதும், இரண்டு அங்குலம் சரியாக இருக்கும். வெட்டின இடத்தை உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய், இல்லாவிட்டால் வயிறு கிழியும். முட்டையிட்டபின் தொட்டியைத் தூக்கினால் முட்டை தட்டிலேயே இருக்கும்.

உள்ளே மணல் போடாதே. கனம் அதிகம், ஈரமும் நிற்காது. ஈரம் தாங்கும் ஸ்பாக்னம் பாசி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு. பாலக்கோட்டில் தக்காளிக் குழித்தட்டு நாற்று விடுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும். உப்பு போக இரண்டு தண்ணீரில் அலசிப் பிழி. கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. தொட்டியில் முக்கால் பங்கு அடைத்துவிடு. சுருண்டு படுக்கும்போது நாலு பக்கமும் உடம்பில் முட்ட வேண்டும். தாராளமாக இடம் விட்டால் அதற்குப் பிடிக்காது.

கால்நடைமாணவி | மே 7, இரவு 9.00

ஒரு எச்சரிக்கை மட்டும். சட்டை உரித்து ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் இட்டுவிடும். இரண்டு மூன்று முட்டை இட்டு நிறுத்தி, வயிற்றில் கட்டி தெரிந்து, ஒரு நாளுக்கு மேல் முக்கிக்கொண்டே இருந்தால் அது முட்டை அடைப்பு. சரியான இடம் கிடைக்காமல் அடக்கி வைப்பதும் அதற்கு ஒரு காரணம். அப்போது யார் சொன்னாலும் வயிற்றை நீவி முட்டையைத் தள்ளாதீர்கள், உள்ளேயே உடைந்துவிடும். ஊர்வனவைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முன்னாடியே போன் செய்து, பார்ப்பாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டைத்தம்பி | மே 10, காலை 7.20

போட்டுவிட்டது!

8ஆம் தேதி கூண்டை மாடிப்படிக்கு அடியில் இறக்கினேன். அம்மா அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார், அரிசி டின்னையும் நான்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. தொட்டி வைத்த அன்றைக்கே வாசலில் தலையை விட்டு வெகுநேரம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் மெல்ல நுழைந்து நார்க்கழிவை உடம்பாலேயே தள்ளிக் குழி பறித்தது. வாசல் வழியாகக் கொஞ்சம் வெளியே கொட்டியும் இருந்தது. நேற்று முழுக்க வெளியே வரவில்லை. உள்ளே 27.5.

இன்று காலை தொட்டியைத் தூக்கினால் ஏழு முட்டை, நீளவாக்கில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொத்தாக. வெள்ளை, தொட்டால் தோல் மாதிரி. தனியாக இரண்டு சின்னது, மஞ்சளாக, மெழுகுக் கட்டி போல. பாம்பு பக்கத்தில் தளர்ந்து கிடக்கிறது, விலாப் பக்கம் பிழிந்த துணி மாதிரி மடிப்பு மடிப்பாக. இப்போது என்ன செய்ய?

ஓசூர்குளிர் | மே 10, காலை 7.45

வாழ்த்துகள் தம்பி. மஞ்சள் இரண்டும் கரு இல்லாதவை, எடுத்துப்போடு. ஏழையும் பிரிக்காதே, கொத்தாகவே எடு. எடுக்குமுன் மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி கடைசி நாள் வரை மேலேயே இருக்க வேண்டும். தாயை இன்றே பிரித்துவிடு. இந்த இனம் மற்ற பாம்பின் முட்டையையும் தின்னும், தன்னுடையது என்று கணக்குப் பார்க்காது. அதற்கு இரண்டு நாள் கழித்துச் சின்ன எலியாகக் கொடுத்து உடம்பு தேற்று.

மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி எடு. உள்ளே மூடியுள்ள டப்பா, அதில் வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), அதே எடைக்குத் தண்ணீர். முட்டை பாதி புதைந்தால் போதும். 27 முதல் 29 டிகிரி, ஏறத்தாழ 60 நாள். உன் ஊரில் சூடு குறைந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாம், ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. 32-ஐத் தாண்டி நின்றால் முதுகு கோணின குட்டி வரும். பெட்டி மூலையில் இரண்டு பாட்டில் தண்ணீர் வை, கரண்ட் போனாலும் போகாவிட்டாலும் வெப்பம் குதிக்காது.

அப்புறம், ஏழு குட்டிக்கும் இடமும் எலியும் இருக்கிறதா என்று இப்போதே யோசி. இல்லையென்றால் சில முட்டையை இந்த வாரமே உறைய வைத்து அழித்துவிடலாம். ஒன்றுகூட வெளியே தப்பக் கூடாது. ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் இதே பாம்பு வளர்ப்பிலிருந்து வெளியேறிப் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது.

பேட்டைத்தம்பி | மே 10, காலை 8.05

ஓசூர் நண்பருக்கு மூன்று, எனக்கு நான்கு என்று பேசிவிட்டோம் அண்ணா. பென்னாகரத்து அண்ணா, கடையில் வாங்கின டிஜிட்டல் மீட்டர் ஒரு நேரம் 60 காட்டுகிறது, ஒரு நேரம் 90 காட்டுகிறது. ஈரத்தை எப்படி நம்புவது?

பென்னாகரம்பட்டு | மே 10, இரவு 8.30

அதைத் தூரப் போடு. டப்பா மூடியின் உள்பக்கம் பார். லேசாக ஆவி படர்ந்திருந்தால் சரி. சொட்டுச் சொட்டாக முட்டைமேல் விழுந்தால் மூடியைச் சாய்த்து வை. முட்டை முதல் மாதத்திலேயே குழி விழுந்தால் ஈரம் குறைவு என்று அர்த்தம், ஓரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடு, முட்டைமேல் படாமல்.

பேட்டைத்தம்பி | ஜூலை 10, காலை 6.10

62ஆம் நாள். ஒரு முட்டை நடுவில் பூஞ்சை பிடித்துக் கெட்டது, பக்கத்து முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று காலை இரண்டில் கீறல், ஒன்றில் மூக்கு மட்டும் வெளியே. நான் மூடியைத் திறந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது. உதவி செய்யலாமா?

கால்நடைமாணவி | ஜூலை 10, காலை 6.25

கையை வைக்காதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை இழுத்து முடித்துவிட்டுத் தானே வரும், ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். வந்தவுடன் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஒன்றாக விட்டால் காலையில் ஒன்று குறையும், இன்னொன்று தடித்திருக்கும்.

பேட்டைத்தம்பி | ஜூலை 10, காலை 6.30

அம்மாவிடம் ஆறு ஊறுகாய் டப்பா கேட்டிருக்கிறேன். எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.