றிவேர்ஸ் கமரா இடைக்கிடை கறுத்துப்போகுது – 2011 ஹொண்டா சிஆர்-இசட்

கொக்குவில்காரன்:
வணக்கம். போன மாசம் 2011 சிஆர்-இசட் ஒண்டு வாங்கினன். நான் மூண்டாவது ஆள். முந்தி வைச்சிருந்த ஆக்களில ஆரோ பின்னுக்கு ஒரு கமராவும் நாலு சென்சரும் பூட்டியிருக்கினம். றிவேர்ஸ் போட்டா முதல் படம் வடிவா வரும். பிறகு கோடு கோடா ஓடிக் கறுத்துப்போகும். மேடுபள்ளத்தில இன்னும் மோசம். சில நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. சென்சர் வேற, பின்னுக்கு ஒண்டுமே இல்லாத இடத்திலயும் கத்துது.

இந்தக் கார் ஓடினவைக்குத் தெரியும், பின் கண்ணாடி ரெண்டாப் பிரிஞ்சு நடுவால குறுக்குச் சட்டம் போகுது. திரும்பிப் பாத்தாலும் அந்தச் சட்டம்தான் கண்ணில படும். எங்கட ஒழுங்கையில ரெண்டு பக்கமும் மதில். பின்னேரத்தில அயல் பிள்ளையள் முழுக்க அதுக்குள்ளதான் விளையாடுறது. என்ர மகளுக்கும் மூண்டு வயசு. படம் போற நேரம் நெஞ்சு பதறுது. காட்டின கடையில "எல்லாத்தையும் கழட்டிப் புதுசு போட வேணும்" எண்டினம். உண்மையா மாத்தத்தான் வேணுமோ?

ஏ9 ஓட்டம்:
கமரா என்ரிஎஸ்சி (NTSC), திரை பால் (PAL) எண்டு ரெண்டும் வேற வேற வீடியோ முறையில இருக்கும் தம்பி. திரையின்ர மெனுவில மாத்திப் பாருங்கோ.

சுன்னாகம் வயறிங்:
அது இல்லை அண்ணை. அந்தப் பிழை எண்டா எந்த நாளும் ஒரே மாதிரித்தான் பிழைக்கும். இது வந்து வந்து போகுது, குலுக்கினாக் கூடுது. வயர் எங்கயோ தொட்டும் தொடாமலும் நிக்குது.

தம்பி, காசு குடுக்க முதல் இதைச் செய்யுங்கோ. கைபிறேக் இழுத்து, சில்லுக்குக் கல்லு வைச்சு, எஞ்சினை ஸ்ராற் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணி றிவேர்ஸில போடுங்கோ. ஒராள் திரையைப் பாக்கட்டும். மற்றாள் டிக்கிக் கதவை மெதுவாத் தூக்கி இறக்கட்டும். படம் வெட்டினா, கதவுப் பிணைச்சலுக்குக் கிட்ட வயர் போற றப்பர் குழாய்க்குள்ளதான் பிழை. பத்து வருசத்துக்கு மேல திறந்து மூடின இடம். வெளியில உறை நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்குச் செம்பு அறுந்திருக்கும். ஒண்டும் நடக்காட்டி, கமராவுக்கு வாற கரண்டை மல்ரிமீற்றரால பாருங்கோ. எஞ்சின் நிக்கேக்க 12 வோல்ட்டுக்குக் கிட்ட நிக்க வேணும். அதோட எர்த் வயரைக் காரின்ர தகட்டில பூட்டின போல்ட்டையும் பாருங்கோ. எங்கட உப்புக் காத்துக்கு அது பச்சை பிடிச்சுக் கிடக்கும்.

ஒண்டை மட்டும் மறக்க வேண்டாம். உங்கட கார் ஹைபிரிட். 100 வோல்ட்டளவு பற்றறி டிக்கித் தளத்துக்குக் கீழதான் கிடக்கு. தளத்துக்குள்ள ஸ்குறூ இறக்காதேங்கோ, செம்மஞ்சள் வயர் எதிலயும் கை வைக்காதேங்கோ.

சென்சர் கத்துறதும் பெரும்பாலும் பூட்டினவற்ர பிழை. உந்த மாதிரிக் கார்களில பம்பர் பதிவு. சென்சரைப் பதிவாப் பூட்டினா நிலத்தில பட்டுத் திரும்புற ஒலியையே மதில் எண்டு எடுக்கும். கன சென்சருக்குப் பின்னால மேல்பக்கம் எது எண்டு அம்புக்குறி இருக்கும். கழட்டிப் பாருங்கோ, தலைகீழாக்கூட இருக்கலாம்.

கொக்குவில்காரன்:
அண்ணை, கதவைப் பாதி தூக்கவே படம் வெட்டீட்டுது! றப்பரை இழுத்துப் பாத்தன், ரெண்டு வயர் அறுந்து ஒண்டு நூலில தொங்குது. நாலு சென்சரில ரெண்டு தலைகீழ்.

நல்லூர் அக்கா:
உங்கட மகள் எண்டபடியாச் சொல்லுறன், கமரா திருத்தினாலும் அதை மட்டும் நம்பாதேங்கோ. அது பின்னுக்கு நேரதான் காட்டும். பக்கத்தால ஓடி வாற பிள்ளை கடைசி நேரத்திலதான் திரைக்குள்ள வரும். மெல்லிய கம்பி, துணி மாதிரிச் சாமானைச் சென்சர் விட்டிடும். நான் பழகினது, வீட்டுக்கு வரேக்கையே றிவேர்ஸில படலைக்குள்ள விடுறது. அப்ப இறங்கி ஒருக்கால் பாத்திட்டு விடலாம், ஆறுதலான நேரம். விடிய அவசரத்தில முன்பக்கமா வெளிக்கிடலாம்.

ஏ9 ஓட்டம்:
அக்கா சொன்னது சரி. அமெரிக்காவில 2018 மே மாசத்தில இருந்துதான் புதுக் கார்களுக்குக் கமரா கட்டாயம். யப்பானில 2022 மே மாசத்தில இருந்து, அதுவும் முதல் புது மொடல்களுக்கு. எங்கட கையில இருக்கிறது அதுக்கு முந்தினது. இலங்கையில 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இலதான் திறந்தவை, அதால பழசுகளே கை மாறி மாறி ஓடுது. ஆர் பூட்டினது, எப்பிடிப் பூட்டினது எண்டு தெரியாத கமராக்கள்தான் எல்லாம்.

சுன்னாகம் வயறிங்:
அறுந்ததை அந்த இடத்திலயே முறுக்கி ரேப் சுத்த வேண்டாம், ஆறு மாசத்தில திரும்பவும் அறும். வளையாத இடத்தில வெட்டி, நடுவில புது வயர் குடுத்து, ஈயம் வைச்சு, சூட்டுக்குச் சுருங்கிற குழாய் போடுங்கோ. கதவு முழுக்கத் திறக்க இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கோ.

இன்னொண்டு. மலிவுக் கமராவில வாற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடு உங்கட காருக்கு அளந்து போட்டதில்லை. பின் பம்பரில இருந்து 1 மீற்றர் அளந்து நிலத்தில சோக்கால கோடு கீறி, திரையில அது எந்த நிறத்தில விழுதெண்டு பாத்து மனசில வையுங்கோ.

கொக்குவில்காரன்:
ஞாயிறு முழுக்க இருந்து செய்து முடிச்சன். வயர் சரி. சென்சர் ரெண்டையும் திருப்பினன், சத்தம் நிண்டுட்டுது. சோக் கோடு மஞ்சளுக்கு நடுவில விழுது. அதைச் சிவப்புக்குக் கிட்ட எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறன். நேற்றில இருந்து அக்கா சொன்ன மாதிரிப் பின்பக்கமாத்தான் உள்ள விடுறன். மழைக்கு லென்ஸ் உள்ளால புகைக்குது, அதுக்கு என்ன செய்யலாம்?

சுன்னாகம் வயறிங்:
உள்ளால எண்டா தண்ணி இறங்கீட்டுது. அதைத் துடைக்கேலாது. அப்ப கமராவை மட்டும் மாத்துங்கோ, வயர் கிடக்கட்டும்.