புதுப்பிப்பு: ஏற்காட்டிலிருந்து வந்த பார்வோ குட்டிகள்

காபித் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வந்த இரண்டு நாய்க்குட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் என்னிடம் வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். கறுப்பன் பிழைத்துவிட்டான், நேற்று தயிர்ச்சோறு நக்கித் தின்றான். செவலைக்குட்டி போய்விட்டது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஈறெல்லாம் வெளுத்துப்போய், பெரியவர் விரலைச் சப்பிக்கொண்டே கிடந்தது, அப்புறம் மூச்சு நின்றுவிட்டது; எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு இது பழகவே இல்லை. "நீங்க என்னங்க டாக்டர் பண்ணுவீங்க" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சரி, அதே வீட்டில் வேறு குட்டி வளர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு: இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயில் போதாது, தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். தடுப்பூசியை 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை போட்டே ஆகணும்.