உழவு மெசின் (டிரக்டர்) ஒயில் கணக்கைப் போனில் வைப்பது எப்படி?

கொக்கட்டிச்சோலைக்காரன்:
பெரும்போக உழவில் என் மெசினுக்கு ஓய்வே இல்லை. ஒயில் மாற்றிய திகதியை மட்கார்டில் சோக்கால் எழுதுவேன், மழை கழுவிவிடும். போன முறை டீசல் பில்டர் அடைத்து, சேற்றுக்கு நடுவே இரண்டு நாள் நின்றது. போனில் இலேசான வழி உண்டா?

சம்மாந்துறை வட்டை:
திகதியை விடுங்கள் அண்ணன், ஓடிய மணிக்கணக்குத்தான் முக்கியம். மணி காட்டும் மீற்றரைப் படமெடுத்து, உங்களுக்கு நீங்களே வட்ஸ்அப்பில் 'ஒயில் 1240' என்று அனுப்புங்கள். பிறகு 'ஒயில்' என்று தேடினால் எல்லாம் வரும்.

வெல்லாவெளி:
நான் கூகுள் ஷீட். ஓப்லைனில் வைத்தால் சிக்னல் இல்லாத வயல் வட்டையிலும் எழுதலாம். கடைசியாக மாற்றிய மணியோடு கையேட்டில் உள்ள மணிக்கணக்கைக் கூட்டினால் அடுத்த ஒயில் எப்போது என்று தானே காட்டும்.

கொக்கட்டிச்சோலைக்காரன்:
என் மீற்றர் செத்து மூன்று வருடம்!

வெல்லாவெளி:
சரி, மணிக்குப் பதிலாக உழுத ஏக்கரை எழுதுங்கள். கூலிக் கணக்கும் அதிலேயே கிடக்கும்.