கெஸ்ட்ரல் முகம் காட்டிய காலை

கெஸ்ட்ரல் ஒரு சின்ன வேட்டைப் பறவை. முதல் சீசனில் நான் எடுத்த அதன் படங்களில் முக்கால்வாசி வால்தான். காலை வெயில் என் முதுகில் படும்படி நிற்க வேண்டும் என்பது தெரியும், ஒழுங்காகவே நின்றேன். புல்வெளிக்கு மேலே பத்துப் பதினைந்து மீட்டரில் பறவை அந்தரத்தில் நிற்கும், சிறகு படபடக்கும், வால் விசிறியாக விரியும். எல்லாம் எனக்கு முதுகைக் காட்டியபடி.

காற்றைத்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஒரே இடத்தில் நிற்க அதற்கு எதிர்காற்று வேண்டும், அதனால் காற்று வரும் பக்கம் பார்த்துத்தான் நிற்கும். நாமும் காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றால் நம்மைப் பார்க்கும். இது புரிய எனக்கு நான்கு மாதம்! இப்போதெல்லாம் வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் கிளம்பிவிடுவேன்.

அப்படி ஒரு காலையில் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். ஆண் பறவை. சாம்பல் தலை, செங்கல் நிற முதுகில் கரும்புள்ளிகள். சிறகும் வாலும் காற்றோடு மல்லுக்கட்ட, தலை மட்டும் ஆணி அடித்ததுபோல அசையவில்லை. பாதி உயரம் இறங்கி மறுபடி நின்று பார்த்தது. அப்புறம் காலை நீட்டிக்கொண்டு புல்லுக்குள் விழுந்தது. எழுந்தபோது பிடியில் ஒரு வெட்டுக்கிளி.

ஷட்டர் வேகம் 1/2500 நொடி. நூற்றுச் சொச்சம் படங்களில் தேறியவை இரண்டு. கண் கறுப்பு, அதன் கீழே கறுப்புக் கோடு வேறு. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழாவிட்டால் முகத்தில் ஓட்டை போட்டதுபோல இருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் கானல் வந்து அதுவும் போச்சு.

*

காற்றுக் கணக்கு சரிதான். நான் சொல்ல வந்தது என் அவசரத்தைப் பற்றி.

கெஸ்ட்ரல் வழக்கமாக உட்காரும் கம்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உச்சியில் வெள்ளை எச்சம் வழிந்திருக்கும், அடியில் எலி முடியும் வண்டு ஓடும் கலந்த கக்கல் உருண்டைகள் கிடக்கும். அங்கே ஒரு பெண் கெஸ்ட்ரல் எலியோடு உட்கார்ந்திருந்தது. இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று நடந்தேன். எலியைக் கீழே போட்டுவிட்டுப் பறந்துபோனது. நான் பின்வாங்கி ஒரு மணி நேரம் காத்திருந்தும் அது திரும்பவில்லை, எலியை எறும்பு மொய்த்தது. அது கிளம்பிய நொடியில் எடுத்த படம் நல்ல கூர்மை. இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

இப்போது காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஜன்னலில் லென்ஸை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். சில நாள் கம்பம் காலியாகவே இருக்கும்.