இரண்டாவது குழந்தைக்கு எந்த ஸ்ட்ரோலர்? வாங்கியவர்கள் சொல்லுங்களேன்

அண்ணாநகர் அம்மா:

பெரியவளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. சின்னவன் பிறந்து நாற்பது நாள். பெரியவளுக்கு வாங்கிய ஸ்ட்ரோலர் பால்கனியில் நிற்கிறது. இப்போது அதில் சவாரி செய்வது வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான்.

வண்டி மேல் குறை சொல்ல மாட்டேன். கடையின் வழவழ டைல்ஸில் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்து மயங்கியது நான்தான். 11 கிலோ. எங்கள் தெருவில் நடைபாதை ஏற அரையடி உயரம், ஏறியதும் இ.பி. பெட்டி, இறங்கினால் பானிபூரி வண்டி, அதைச் சுற்றி வந்தால் யாரோ நிறுத்திய பைக். ஆட்டோவில் ஏற்றினால் நமக்குக் கால் வைக்க இடமில்லை. உருப்படியாக ஓடியது இரண்டே இடத்தில்: லிஃப்ட் இருப்பதால் மெட்ரோ ஸ்டேஷன், 2019-இல் அகலப்படுத்திய பாண்டி பஜார் நடைபாதை. அங்கிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் ஒருமுறை நுழைந்தேன். பத்தே அடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியை அவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு. வாங்கலாமா?

கோவை ட்வின்ஸ் அப்பா:

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், அதனால் வேறு வழியில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மாடலா, ரயில் பெட்டி மாதிரி முன்னும் பின்னும் உட்காருவதா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, முதல் வகையை வாங்கினோம். டெலிவரி வந்த அன்று பிரித்து, மாட்டி, பிள்ளைகளை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, லிஃப்ட் முன்னால் போய் நின்றோம். வண்டி அகலம் 77 செ.மீ. லிஃப்ட் கதவு 70. கீழே இருந்து வாட்ச்மேன் "என்ன சார், மாட்டிக்குச்சா?" என்று குரல் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் நான் வண்டியை மடக்கித் தூக்கிப் படியில் இறங்குவேன், மனைவியும் மாமியாரும் ஆளுக்கொரு பிள்ளையோடு லிஃப்டில் வருவார்கள். ஆனால் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தள்ளும்போது அந்தக் கஷ்டமெல்லாம் மறந்துவிடும், இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே வருவார்கள். ட்வின்ஸ் என்றால் இதுதான் சரி. உங்கள் பெரியவளுக்கு மூன்று வயது என்கிறீர்கள், உட்காருவாளா? எனக்குச் சந்தேகம்தான்.

மதுரைப் பாட்டி (இப்போது சிங்கப்பூர்):

உட்கார மாட்டாள் கண்ணு. இங்கே என் மகள் இரட்டை வண்டிதான் வாங்கினாள். மூத்தவன் ஒரு வாரம் உட்கார்ந்தான். அப்புறம் "நான் தள்ளுறேன்" என்று ஆரம்பித்துவிட்டான். காலி சீட்டில் தேக்கா மார்க்கெட் முருங்கைக்காய் வந்தது.

பிறகு சின்ன ஒற்றை வண்டி ஒன்று வாங்கி, பின்னால் மூத்தவன் நிற்கச் சக்கரம் வைத்த பலகை ஒன்றை மாட்டினாள். கால் வலித்தால் ஏறிக்கொள்வான், இல்லையென்றால் நடப்பான். இந்த ஊரில் பஸ்ஸிலும் வண்டியை விரித்தபடியே ஏற்றலாம். 2017 ஏப்ரலுக்கு முன்னால் மடக்கித்தான் ஏற வேண்டுமாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில், குழந்தை முகம் பஸ்ஸின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்தி பிரேக் போட வேண்டும். சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் இடம் விட வேண்டும். மதுரையில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கவா முடியும்? அங்கே என் இடுப்புதான் வண்டி.

தாம்பரம் தாத்தா:

நான் ஓய்வு பெற்ற மெக்கானிக், என் கண் கீலுக்குத்தான் போகும். குடை மாதிரி மடங்கும் வண்டியை 1965-இல் உருவாக்கிய ஓவன் மெக்லாரன் ஒரு விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். அவர் பெயரிலேயே வந்த வண்டிகளில் குழந்தைகளின் விரல் நுனி கீலில் மாட்டித் துண்டானதாகப் புகார் வந்து, 2009-இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுத்தார்கள். அதனால் விரிக்கும்போதும் மடக்கும்போதும் பெரியவள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்க விடாதீர்கள். பேரனைத் தூக்கிய நொடியில் எங்கள் வண்டி மல்லாந்தது. வெயிலுக்கு மேலே துணி போட்டு மூடவும் வேண்டாம், காற்று போகாமல் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். சின்னவனுக்கு முதல் ஆறு மாதம் முதுகு முழுக்கச் சாய்கிற சீட் வேண்டும். ஐந்து முனை பெல்ட்டும் பாருங்கள், அதாவது தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று.

அண்ணாநகர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இரட்டை வண்டி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. லிஃப்ட் கதவை அளந்தேன், 71. ஆறு கிலோவுக்குள் முழுக்கச் சாயும் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இந்த முறை கடை டைல்ஸில் தள்ளப் போவதில்லை, ஒரே கையால் மடக்கி வாசலில் நிற்கிற ஆட்டோவில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பில்.

பலகை பற்றிப் பெரியவளிடம் சொன்னேன். அதில் வெங்காயத்துக்கும் இடம் உண்டா என்று கேட்கிறாள்.