சம்பள வரம்பு 80 மில்லியனிலிருந்து 120க்கு ஏறினால் ரீமை எப்படி மாற்றுவது?

கொக்குவில்காரன்:
ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் இழுத்துவிட்ட வேலை, இப்ப நடுச்சாமத்திலும் சிமுலேஷன் பேஸ்போல் (கணினியே ஆடிக்காட்டுகிற பேஸ்போல்) பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வீரர்களை, அவர்கள் ஆடிய ஏதாவது ஒரு வருடத்துக்கான விலையில் வாங்கி, 25 பேர் கொண்ட ரீம் கட்டுகிற லீக். 80 மில்லியன் டொலர் வரம்பில் இரண்டு தரம் பிளேஓவ் (சீசன் முடிவில் வருகிற இறுதிச் சுற்று) போனேன். இப்போது 120 மில்லியன். பழைய ரீமை அப்படியே வைத்துக்கொண்டு 1921ஆம் ஆண்டு பேப் ரூத்தையும் (59 ஹோம் ரன், அதாவது வேலிக்கு மேலால் அடித்த அடி!) இன்னும் இரண்டு பெரிய தலைகளையும் சேர்த்தேன். 31 வெற்றி, 49 தோல்வி. எங்கே பிழை?

சந்தியடி:
தம்பி, காசு உங்களுக்கு மட்டுமா கூடினது? எல்லாருக்கும்தான். ஒரு ஆளுக்குச் சராசரி 3.2 மில்லியனாக இருந்தது 4.8 ஆகிவிட்டது, ஆனால் இடம் அதே 25. ஐபிஎல் 2025 ஏலத்திலும் இதே கணக்குத்தான், 120 கோடி, அதிகபட்சம் 25 பேர். வரம்பு குறைவென்றால், அரைச் சீசன் மட்டும் நன்றாக ஆடிய இரண்டு மலிவுக்காரரை ஒரே இடத்தில் மாறி மாறிப் போட்டுச் சமாளிக்கலாம். 120இல் அந்தச் சோடி இரண்டு இடத்தை விழுங்கிவிடும், காசு மிச்சமிருந்தும் ஆளை வைக்க இடமிராது. அதனால்தான் நான் கனக்க இன்னிங்ஸ் எறிகிற பிச்சர்களை (பந்து எறிகிறவர்களை) தேடுவேன். 1913 வோல்ட்டர் ஜோன்சன் ஒருவரே 346 இன்னிங்ஸ். 2000 பெட்ரோ மார்ட்டினஸ் 217தான்.

ஸ்காபரோ மாமா:
இடக் கணக்கு சரி அண்ணை, ஜோன்சன் விஷயம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அவருடைய 1.14 சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டம்), பந்தை வேலிக்கு மேலால் அடிப்பதே அரிதான காலத்தில் வந்தது. பெட்ரோவின் 1.74, ஆளாளுக்கு ஹோம் ரன் விளாசிய காலத்தில். காலத்தை ஈடுசெய்து கணக்குப் போடுகிற லீக் என்றால் பெட்ரோதான் பெறுமதி, முதலில் விதியைப் பாருங்கோ. வரம்பு கூடக்கூட எதிர்ப்பக்கம் ஒன்பது பேரும் அடிப்பார்கள், 80இல் தப்பிப் பிழைத்த நடுத்தரப் பிச்சர் இங்கே செத்தான். எந்த வரம்பிலும் நான் விடாதது ஒன்று, வோக் (நாலு பிழையான பந்து வந்தால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) எடுக்கிற ஆள். பரி பொண்ட்ஸ் 2004இல் 232 வோக் எடுத்தார், அந்த ஆளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். மலிவு லீக்கில் அவரை வாங்கினால் மிச்ச ரீமுக்குக் கஞ்சிதான், அங்கே அதே குணமுள்ள சின்ன ஆளைப் பிடிக்க வேண்டும்.

பெஞ்ச்:
ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், 9 இன்னிங்ஸ் வீதம் 1,458 இன்னிங்ஸ் எறிய ஆள் வேண்டும். உங்கள் பிச்சர்களின் இன்னிங்ஸைக் கூட்டிப் பார்த்தீங்களா?

கொக்குவில்காரன்:
இப்பதான் சீ.ஆர். கொப்பியில் கூட்டினேன். 1,190. பழைய ரீமில் மூன்று இடத்துக்குச் சோடி போட்டிருந்தேன், அதைக் கலைக்க மனமில்லாமல் அடிக்கிறவர்கள் 16 பேர், எறிய ஒன்பதே பேர். ஏழாம் இன்னிங்ஸுக்குப் பிறகு ஏன் இப்படி வாங்கிக் கட்டுகிறோம் என்று நானும் யோசித்தேன், பாவங்கள் களைத்தே போய்விட்டார்கள். இரண்டு சோடியைக் கலைத்துப் பிச்சர் எடுக்கப் போகிறேன். விதியையும் வாசித்தேன் மாமா, காலத்தை ஈடுசெய்கிற லீக்தான், பெட்ரோவின் விலையைப் பார்த்து வைத்திருக்கிறேன். மச்சானுக்கு மட்டும் ஒருவரும் சொல்லாதீங்கோ, வெள்ளிக்கிழமை அவனோடு மூன்று ஆட்டம் இருக்கு.